உடைந்த பிஸ்டனைத் தூக்கி எறியாதீர்கள்

(தோட்டங்களில் மெசின் வேலை செய்யும் தொழிலாளர்களுக்காக நமது சங்கப் பணிமனையில் நடந்த பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



கவ்வாத்துக் கத்தியும் சுரண்டியும் மட்டுமே நமது கையில் இருந்த காலம் போய்விட்டது. இன்று புல் வெட்டவும், கவ்வாத்து வெட்டவும், மருந்தடிக்கவும், சில மலைகளில் கொழுந்து வெட்டவும் மெசின் வந்திருக்கிறது. முதுகிலும் தோளிலும் நாம் சுமக்கும் இந்த மெசின்களில் பல டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஓடுபவை.

இந்த எஞ்சின் மலையில் வைத்துத் திடீரென்று பிடித்துக்கொண்டால் என்ன நடக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். "நீ கண்டபடி முறுக்கினாய், அதனால்தான் போனது" என்ற பேச்சு முதலில் வரும். அன்றைக்கு அரைப்பேர். சில இடங்களில் சாமான் விலையைச் சம்பளத்தில் பிடிப்போம் என்ற மிரட்டலும் வரும். இதற்கிடையில் யாரோ ஒருவர் எஞ்சினைக் கழற்றிப் புது பிஸ்டனைப் போட்டுவிட்டு, பழையதைக் குப்பையில் எறிந்துவிடுவார். அத்தோடு நமது சாட்சியும் குப்பைக்குப் போய்விடுகிறது.

ஆம், பழுதான பிஸ்டன் ஒரு சாட்சி. தனக்கு என்ன நடந்தது என்பதை அது தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. அதை வாசிக்கப் பழகுவதே இன்றைய வகுப்பின் நோக்கம்.

முதலில் எஞ்சினின் சுபாவத்தைப் பார்ப்போம். லொறி, கார் எஞ்சின்களில் ஓயில் தனியாக அடியில் நிற்கும். டூ ஸ்ட்ரோக் மெசினில் அப்படி இல்லை. பெற்றோலில் நாம் கலக்கும் டூ டி ஓயில்தான் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் பேரிங்குக்கும் ஒரே பாதுகாப்பு. ஐம்பதுக்கு ஒன்று என்று மெசின் புத்தகம் சொன்னால், ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் ஓயில். 5 லீற்றருக்கு 100. இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் லீற்றருக்கு 40. 5 லீற்றருக்கு 200. ஓயிலே கலக்காத பெற்றோலை ஊற்றினால், எவ்வளவு கெட்டிக்காரர் பிடித்தாலும் எஞ்சின் சில நிமிடங்களில் பிடித்துவிடும்.

பல தோட்டங்களில் ஓயில் கலப்பது நாம் அல்ல. ஸ்டோரில் கலந்து கேனில் தருகிறார்கள். அதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. நெருப்பு, பீடி எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுக் காய விடுங்கள். பெற்றோல் பறந்துவிடும், ஓயில் இருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும். கறையே இல்லையென்றால் அந்தக் கேனைத் தொடாதீர்கள். அளவு சரியா என்று இந்தச் சோதனை சொல்லாது. ஓயில் இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்லும்.

இனி பிஸ்டனைக் கையில் எடுப்போம். சைலன்சர் பக்கமும் காபரேட்டர் பக்கமும், இரண்டு பக்கமும் ஆழமாகக் கோடு விழுந்திருந்தால், பெரும்பாலும் ஓயில் இல்லை அல்லது போதவில்லை என்று அர்த்தம். சைலன்சர் பக்கம் மட்டும் உரசி உருகியிருந்தால் அளவுக்கு மீறிய சூடு. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளுக்கிடையே புல் அடைத்திருக்கலாம். அல்லது எங்கோ காற்று இழுத்து, பெற்றோல் குறைந்து ஓடியிருக்கலாம். வெடித்த பெற்றோல் குழாய், பழைய கேஸ்கட், தேய்ந்த ஓயில் சீல் ஆகியவைதான் காற்று புகும் வழிகள். காபரேட்டர் பக்கம் மங்கலாகச் சாம்பல் நிறத்தில் தேய்ந்திருந்தால், கிழிந்த பில்டர் வழியாகத் தூசு போயிருக்கிறது. பிளக்கும் பேசும். இளம் பழுப்பு நிறம் நல்லது. வெள்ளையாக வெந்திருந்தால் சூட்டின் அடையாளம்.

இவற்றில் எத்தனை மெசின் பிடித்தவரின் கவனயீனம்? எத்தனை, ஸ்டோரில் தவறாகக் கலந்ததும், மாற்ற வேண்டிய சீலையும் பில்டரையும் மாற்றாததும்? விசாரணையில் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பில்டரையும் தகடுகளையும் தினமும் துடைப்பது நம் கையில் இருக்கும் வேலை. அதை நாம் ஒழுங்காகச் செய்தால்தான் மற்றதைத் தலை நிமிர்ந்து கேட்கலாம்.

எஞ்சினைத் திரும்பக் கட்டும் வேலையையும் தெரிந்துகொள்வோம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது பிஸ்டன் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். சிலிண்டரைத் தூக்கியவுடன் அடியில் திறந்திருக்கும் வாயைச் சுத்தமான துணியால் மூடுங்கள். லொக் வளையம் உள்ளே விழுந்தால் முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டி வரும். பின்னைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். அந்த அடி கொனெக்டிங் ரொட்டை வளைக்கும். ரொட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் அசைவது சரி. மேல் கீழாக ஆட்டம் இருந்தால் அடிப் பேரிங் போய்விட்டது. பிஸ்டன் மட்டும் மாற்றிப் பயனில்லை.

இந்தச் சிறு மெசின்களின் சிலிண்டர் உட்பக்கம் பலவற்றில் கடினமான முலாம் பூசியது. பிஸ்டனின் அலுமினியம் அதில் ஒட்டியிருந்தால் நுண்ணிய எமரித் தாளால் பொறுமையாக எடுக்கலாம். முலாமே உரிந்திருந்தால் சிலிண்டரை மாற்றத்தான் வேண்டும். அடியில் சிதறிய உலோகத் தூளை ஓயில் கலந்த பெற்றோலால் முழுதாகக் கழுவி வெளியேற்றுங்கள். ஒரு துணுக்கு மிஞ்சினாலும் புதிய பேரிங்கையும் பிஸ்டனையும் தின்றுவிடும்.

பூட்டும்போது பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி வழக்கமாகச் சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கின் வாய், பிஸ்டனிலுள்ள சிறு முளைக்கு நேராக நிற்க வேண்டும். தவறினால் சிலிண்டர் ஜன்னலில் மாட்டி உடையும். லொக் வளையமும் கேஸ்கட்டும் எப்போதும் புதியவை. போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். முதல் ஒரு டாங்கி பெற்றோல் முடியும்வரை முழு வேகத்தில் முறுக்காமல், இடையிடையே ஆறவிட்டு ஓட்டுங்கள். மூடிய அறைக்குள் ஓட்டிப் பார்க்காதீர்கள். அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

சகோதர சகோதரிகளே, நாம் எல்லோரும் மெக்கானிக் ஆக வேண்டும் என்று சங்கம் சொல்லவில்லை. மெசினைச் சுமக்கிறவருக்கு அதன் உள்ளே நடப்பது தெரியாதவரை, பழி சுமப்பவரும் அவராகவே இருப்பார். சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் 1941 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. சட்டம் அனுமதிக்காத எதையும் ஒருவர் நினைத்தவுடன் சம்பளத்தில் கழித்துவிட முடியாது. அப்படிக் கழித்தால், சம்பளச் சீட்டோடு உடனே தலைவரிடம் வந்து முறைப்பாடு செய்யுங்கள்.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் நிர்வாகத்திடம் மூன்று விடயங்களைக் கேட்க வேண்டும். ஓயில் அளக்க அளவுக்கோடு போட்ட பாத்திரமும், எந்த நாளில் யார் எவ்வளவு கலந்தார் என்று எழுதும் புத்தகமும் ஸ்டோரில் இருக்க வேண்டும். மெசின் கொடுப்பதற்கு முன் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேலை நேரத்திலேயே, முழுப்பேரோடு பயிற்சி தர வேண்டும். எஞ்சின் பிடித்தால் தொழிலாளியும் தலைவரும் பார்த்திருக்கக் கழற்ற வேண்டும். விசாரணை முடியும்வரை பழைய பிஸ்டனையும் பிளக்கையும் கேனில் மீந்த பெற்றோலையும் பெயர், திகதி எழுதி வைக்க வேண்டும்.

இந்த மூன்றுக்கும் பெரிய செலவு இல்லை. நிர்வாகத்துக்கும் மெசின் மிஞ்சும். நமக்கு நமது பேர் மிஞ்சும். நாளை மலைக்குப் போகும்போது கேனைத் திறந்து காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதிலிருந்து ஆரம்பிப்போம்.