தராசு சொல்லாத கணக்கு



தேர்வில் ஒருவன் மொத்தம் 300 மதிப்பெண் பெற்றான் என்றால், அவன் கணிதத்தில் தேறினானா என்பது அம்மொத்தத்தால் விளங்குமா? விளங்காது. உடலின் எடையும் அத்தகைய மொத்தமே. கொழுப்பு, தசை, எலும்பு, நீர் ஆகிய யாவும் அதனுள் அடங்கும். மிகு பருமனைக் குறைக்கச் செய்யப்படும் அறுவை சிகிச்சையின் பயனை அளக்கும்போது இவ்வுண்மையை நாம் மறத்தலாகாது.

1966ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்னும் மருத்துவர் இச்சிகிச்சையின் ஒரு முறையைத் தொடங்கினார். இன்று அம்முறையில், இரைப்பையின் மேற்பகுதி ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பையாகப் பிரிக்கப்பட்டுச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கப்படுகிறது. இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் தொடாமலே உணவு செல்கிறது.

எடை விரைவாகக் குறைகிறது. ஆனால், குறைவது கொழுப்பு மட்டுமன்று. உணவு சுருங்கும்போது உடல் தன் தசையையும் கரைத்துச் செலவிடும். தசை குறைந்தால் வலிமை குன்றும். ஆகவேதான் நாள்தோறும் 60 கிராமுக்குக் குறையாத புரதம் வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துகின்றனர். ஒரு முட்டையில் இருப்பதோ ஏறத்தாழ 6 கிராமே. சிறிய பைக்கு இஃது எளிய செயலன்று. எனவே முட்டை, மீன், பருப்பு, தயிர் முதலியவற்றை முதலில் உண்டு, சோற்றைப் பின்னர் உண்ணுதல் வேண்டும். மருத்துவரின் இசைவோடு தசைக்கு வேலை தரும் உடற்பயிற்சியும் வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. இரும்பும் கால்சியமும் நன்கு உறிஞ்சப்படும் இடம் சிறுகுடலின் தொடக்கமே. பி12 வைட்டமினை உணவினின்று பிரிப்பதற்கு இரைப்பை நீர் துணைபுரிகிறது. அவ்விடங்களை உணவு விலகிச் செல்வதால், இச்சத்துக்களை மாத்திரையாகவோ ஊசியாகவோ வாழ்நாள் முழுதும் பெறுதல் வேண்டும். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் பி12 குறைவு உடனே வெளிப்படாது. நெடுநாள் கழித்தே இரத்தசோகையாகவும் நரம்புக் கோளாறாகவும் தலைகாட்டும். “நலமாகத்தானே இருக்கிறேன்” என்று மாத்திரையை நிறுத்துவோர் ஏமாறுவது இங்கேதான்.

உங்கள் சுற்றத்தில் எவரேனும் இச்சிகிச்சை பெற்றிருப்பின், “எத்தனை கிலோ குறைந்தீர்கள்?” என்று மட்டும் கேளாதீர்கள். “இன்று பருப்பு உண்டீர்களா? மாத்திரை எடுத்தீர்களா? இரத்தப் பரிசோதனை எப்போது?” என்றும் அன்போடு வினவுங்கள். தராசு அவற்றைக் கேட்பதில்லை.