அழுத பிள்ளையைத் தூக்கலாமா?



"பிள்ளை வளர்ப்பில் பெரிதும் வேண்டியது கண்டிப்பா, கனிவா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "அழுற பிள்ளையை உடனே தூக்காதீங்க, தூக்கினா அழுகையே பழக்கமாயிடும்" என்றார். ஐயா, இது உங்க சொந்தச் சரக்கு இல்லை. 1928-லேயே அமெரிக்காவில் ஜான் வாட்சன் என்கிற உளவியல் அறிஞர் இதைப் புத்தகமாகவே போட்டுவிட்டார். பிள்ளையைக் கட்டி அணைக்காதே, மடியில் உட்கார வைக்காதே, காலையில் எழுந்ததும் கைகுலுக்கு என்றார். பெத்த பிள்ளைகிட்ட கைகுலுக்கணுமாம்! அது என்ன, பேங்க் மேனேஜரா? (சிரிப்பு)

சிரிச்சாப் போதாது, சான்று வேண்டும். நான் அழைத்து வரும் சாட்சி ஒரு பெண்மணி. மேரி ஐன்ஸ்வொர்த். 1913-இல் அமெரிக்காவில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, 1939-இல் டொராண்டோவில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1950-இல் லண்டனுக்குப் போய், பத்திரிகை விளம்பரம் பார்த்து ஜான் பௌல்பி என்ற மருத்துவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். தாயைப் பிரிந்த பிள்ளைக்கு என்ன ஆகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி.

கணவருக்கு உகாண்டாவில் வேலை. 1954-இல் இந்த அம்மாவும் போனார். அங்கே கம்பாலாவுக்குப் பக்கத்துக் கிராமங்களில் 26 வீடு, 28 குழந்தைகள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு மணி நேரம் போய் உட்கார்ந்து பார்த்தார். என்ன பார்த்தார்? குழந்தை தவழ்ந்து தூரமாகப் போகுது. போன இடத்திலிருந்து அம்மாவைத் திரும்பிப் பார்க்குது. அம்மா இருக்கிறாள், மேலே போகுது! ஒட்டிக்கொண்டு கிடக்கவில்லை ஐயா. அம்மா இருக்கிறாள் என்ற தைரியத்திலேதான் உலகத்தைப் பார்க்கப் புறப்படுகிறது.

பிறகு அமெரிக்காவில் பால்டிமோர் நகரம். அங்கேயும் 26 குடும்பம். குழந்தை பிறந்தது முதல் ஒரு வருஷம், வீட்டுக்கு ஏறத்தாழ 72 மணி நேரம் பார்த்துக் குறித்தார்கள். சில்வியா பெல் என்பவரும் இவரும் 1972-இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் மாதங்களில் அழுதவுடனே ஓடிவந்த அம்மாக்களின் பிள்ளைகள், வருஷக் கடைசியில் குறைவாக அழுதன! காரணம் என்ன? கூப்பிட்டால் ஆள் வரும் என்று தெரிந்த பிள்ளை, கையைக் காட்டி, ஒலி எழுப்பி, வேறு வழியில் பேசக் கற்றுக்கொண்டது. (கைதட்டல்)

"அந்தக் கணக்கை மறுத்தவங்க உண்டே?" என்று எதிரணி கேட்கும். உண்டு, மறைக்க மாட்டேன். 26 வீட்டை வைத்து உலகத்துக்கே சொல்லலாமா என்றும் கேட்டார்கள். ஆனால் அவர் ஒரு சோதனை வகுத்தார். ஒரு வயதுக் குழந்தையைத் தெரியாத அறையில் விட்டு அம்மா சற்று வெளியே போய்த் திரும்ப வேண்டும். அம்மா போகும்போது அழுததா என்பது பெரிசில்லை; வந்ததும் அவளிடம் போய் ஆறுதல் அடைகிறதா என்பதே கேள்வி. இதை வேறு பலரும் பல நாடுகளில் நடத்தினார்கள். எட்டு நாட்டு முடிவுகளை 1988-இல் ஒப்பிட்டபோது, ஆறுதல் அடையும் பிள்ளைகளே எங்கும் அதிகம்.

கனிவு என்றால் கேட்டதெல்லாம் வாங்கித் தருவது என்று எதிரணி நினைக்கிறது. பசியா, தூக்கமா, பயமா என்று அழுகையின் அர்த்தம் தெரிந்து அதற்கேற்பச் செய்வதைத்தான் அந்த அம்மா கனிவு என்றார். தப்பு செய்தால் தடுக்க வேண்டாமா? தடுங்கள். ஆனால் ஆறு மாதக் குழந்தை அழுவது தப்பா ஐயா? அதுக்குத் தெரிந்த ஒரே மொழி அதுதானே!

சொந்தமாகப் பிள்ளை இல்லாத அந்த அம்மையார் 1999-இல் மறைந்தார். ஊரார் பிள்ளையின் அழுகையை ஆயுள் முழுக்கக் காது கொடுத்துக் கேட்டார். பெற்ற நாம் கேட்க வேண்டாமா? "அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்பது நம் பழமொழி. அழுதும் ஆள் வராத பிள்ளை, அடுத்த முறை கூப்பிடுவதையே விட்டுவிடும். வளர்ந்த பிறகு, "எங்ககிட்ட எதையுமே சொல்ல மாட்டேங்கிறானே" என்று நாம் அழுது பயனில்லை.

ஆகவே நடுவர் அவர்களே, மணி அடிக்கும் முன்பே முடிக்கிறேன்: பிள்ளை வளர்ப்பில் பெரிதும் வேண்டியது கனிவே, கனிவே என்று தீர்ப்புத் தாருங்கள்.