ஒட்டிக்கொண்ட கவர்களும் மறைந்துபோன கையெழுத்தும்

(மார்கழி மாதத்து ஞாயிறு ஒன்றில், நம் சங்கக் கூடத்தில் பொங்கல் கவர் செய்யும் பயிற்சி தொடங்கும் முன் பேசியதன் எழுத்து வடிவம்.)

குழந்தைகள் முன்வரிசையில் உட்காரலாம். மேஜை மேல் இருக்கும் வெண்டைக்காயை இப்போதே யாரும் நறுக்க வேண்டாம்.

போன பொங்கலுக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். தவறு என்னுடையது என்பதால் நானே சொல்வதுதான் நியாயம். நம் செக்யூரிட்டிகள், ஹவுஸ்கீப்பிங் பெண்கள், தோட்டக்காரர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லோருக்கும் சங்கம் கொடுக்கும் போனஸ் தொகையைப் பழுப்புக் கவரில் போட்டுக் கொடுப்பதுதான் வழக்கம். போன வருடம் கவரை அழகாகச் செய்து தருகிறோம் என்று நானும் ஏழு குழந்தைகளும் முன்வந்தோம். பளபளப்பான வெள்ளைக் கவர்கள் 26 வாங்கினோம். தங்க நிற இங்க் பேடில் கோல ஸ்டாம்பை ஒற்றி, இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து முடித்தோம். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி ஆபீஸ் அறை மேஜையில் வைத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் காலை செயலாளர் கட்டைப் பிரித்தால், ஒவ்வொரு கவரும் அடுத்த கவரின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரித்த கவரில் கோலம் பாதிதான் இருந்தது. மீதிப் பாதி அவர் கைவிரல்களில். நம் இரவு செக்யூரிட்டி அண்ணன் மட்டும், "பரவால்ல மேடம், உள்ள இருக்கறது ஒட்டாம இருந்தா போதும்" என்று சிரித்தபடி தன் கவரை வாங்கிக்கொண்டார். மற்றவர்களுக்கெல்லாம் பழைய பழுப்புக் கவரையே தேடி எடுத்தோம். குழந்தைகள் ஒன்றும் பேசவில்லை. அதில் ஒரு பெண் மட்டும், "ஆன்ட்டி, நாம ஒரு நாள் முழுக்கக் காய வெச்சோமே, ஏன் காயல?" என்று கேட்டாள். எனக்கு அப்போது சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்று அவளும் வந்திருக்கிறாள். அவளுக்கான பதில்தான் இந்தப் பேச்சு.

கடையில் இங்க் பேட் என்று கேட்டால் கிடைப்பவற்றில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்று டை இங்க், அதாவது சாய மை. மற்றொன்று பிக்மென்ட் இங்க், நிறமி மை. முதல் வகை மருதாணி மாதிரி, காகிதத்துக்குள் ஊறிவிடும். ஊறியதும் காய்ந்துவிடும், சாதாரணக் காகிதத்தில் ஒரு நிமிடம்கூட ஆகாது. இரண்டாவது வகை நெற்றியில் வைத்த குங்குமம் மாதிரி. நுண்ணிய நிறத்துகள்கள் மேலேயே படிந்து நிற்கும். அந்த மையில் இருக்கும் ஈரத்தைக் காகிதம் உறிஞ்சினால்தான் அது காயும். பளபளப்புக் கவரின் மேல் பூச்சு எதையும் உறிஞ்சாது. தங்கம், வெள்ளி நிற பேடுகளோ பெரும்பாலும் நிறமி மைதான். ஆகவே ஒரு நாள் இல்லை, ஒரு வாரம் வைத்திருந்தாலும் அந்தக் கவர்கள் ஒழுங்காகக் காய்ந்திருக்காது. அம்மா, நீ காய வைத்ததில் குறை இல்லை. கவரை வாங்கியது நான்.

காகிதம் உறிஞ்சுமா, உறிஞ்சாதா என்று தெரிந்துகொள்ள விரலை நனைத்து ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் போதும். சொட்டு முத்தாக நின்றால் அது பூச்சுள்ள காகிதம். பரவி இருண்டால் மை பிடிக்கும். நம் எல்லோர் வீட்டிலும் பரண் நிறையக் கல்யாணப் பத்திரிகைகள் இருக்கின்றன. கெட்டி அட்டை, தூக்கிப் போட மனசு வராது. கைவேலைக்கு அதைவிட நல்ல அட்டை காசு கொடுத்தாலும் கிடைப்பது கஷ்டம். ஆனால் பலவற்றுக்கு வழவழவென்று லேமினேஷன் போட்டிருப்பார்கள். அப்படிப்பட்டதை நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மேலே ஜெஸ்ஸோ ஒரு கோட் அடித்தால் பிறகு எந்த மையும் பிடிக்கும். ஜெஸ்ஸோ என்பது ஓவியர்கள் கேன்வாஸில் முதலில் பூசும் வெள்ளைப் பூச்சு. அதைத் தேடி அலைய வேண்டியதில்லை, வீட்டுக்குப் பெயின்ட் அடித்து மிச்சமான வெள்ளை எமல்ஷன் இருந்தால் இந்த வேலைக்கு அதுவே போதும்.

இனி இரண்டாவது கதை. இது நம் வளாகத்தில் நடந்ததில்லை, என் வீட்டில் நடந்தது.

என் அப்பாவின் சஷ்டியப்தபூர்த்திக்கு நான் பெரிய வாழ்த்து அட்டை ஒன்று செய்தேன். நடுவில் ஸ்டாம்ப் அடித்த குத்துவிளக்கு, சுற்றிலும் வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட இடம். கலர் கலராக இருக்கட்டுமே என்று ஆளுக்கொரு ஸ்கெட்ச் பேனா கொடுத்தேன். என் பாட்டி பள்ளிக்கூடம் போனவர் இல்லை. தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும், அதுவும் பேத்திகள் சொல்லிக் கொடுத்தது. அவருக்குக் கொடுத்தது ரோஸ் நிறம். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு, சட்டத்தின் ஓரம் வரை நீட்டி, பெரிதாக எழுதினார். அட்டைக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, பால்கனிக்கு எதிர்ச்சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டினோம்.

மூன்று வருடத்தில் ரோஸ் போய்விட்டது. மஞ்சளும் ஊதாவும் பாதி போயின. பாட்டியும் அதற்குள் தவறிவிட்டார். சட்டத்தைக் கழற்றிப் பார்த்தபோது, மரவிளிம்பு மறைத்திருந்த கால் அங்குலத்தில் அவர் பெயரின் கடைசி எழுத்தின் சுழி மட்டும் முதல் நாள் போலவே ரோஸாக இருந்தது. வெளிச்சம் படாத இடம் அது ஒன்றுதான்.

ஸ்கெட்ச் பேனாவில் இருப்பதும் சாயம்தான். வெளிச்சம் சாயத்தை மெல்ல மெல்லச் சிதைத்துவிடும், சாதாரணக் கண்ணாடி அதைத் தடுக்காது. நிறமி அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆக, வேகமாகக் காய்கிற மை சீக்கிரம் வெளுக்கும், நின்று நிலைக்கிற மை காய நேரம் கேட்கும். என் கைவேலையில் நடந்த இரண்டு சொதப்பலுக்கும் காரணம் இது ஒன்றுதான்.

அதற்காகச் சாய மையே வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறந்தநாள் அட்டை, புத்தகக் குறி, பரிசுப் பொட்டலத்தில் தொங்கவிடும் சீட்டு இவற்றுக்கெல்லாம் அதுதான் வசதி. அதன் இன்னொரு குணம், தண்ணீர் பட்டால் பரவும். அதுவே ஒரு அழகு. பிளாஸ்டிக் ஃபைல் கவர் மேல் இங்க் பேடை இரண்டு மூன்று இடத்தில் ஒற்றி, தண்ணீர் ஸ்பிரே அடித்து, கெட்டிக் காகிதத்தை அதில் கவிழ்த்து எடுத்துப் பாருங்கள். மழைக்கு முந்தின வானம் மாதிரி ஒரு பின்னணி வரும், இரண்டு தடவை ஒரே மாதிரி வராது. டிஸ்ட்ரெஸ் என்ற பெயரில் விற்கும் பேடுகள் இப்படித் தண்ணீரோடு கலந்து ஓடுவதற்கென்றே செய்தவை. ஆனால் வருடக்கணக்கில் சுவரில் இருக்க வேண்டியதற்கும், யாராவது கையெழுத்துப் போடுவதற்கும் நிறமி மை. மைக்ரான் மாதிரிப் பேனா இல்லையென்றால் சாதாரணப் பென்சிலே கொடுங்கள். பென்சிலின் கிராஃபைட் வெளிச்சத்துக்கு அசையாது. பேடின் மூடியில் டை, பிக்மென்ட் இரண்டில் எதுவும் போடவில்லையென்றால் நான் அதைச் சாயம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்க ஜன்னல் இருக்கிறது. ஒரு பட்டைக் காகிதத்தில் வீட்டிலிருக்கும் பேனா, பேட், பெயின்ட் எல்லாவற்றாலும் ஒவ்வொரு கோடு போடுங்கள். பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் இரண்டு மாதம் ஒட்டிவைத்து, பிறகு அட்டையை எடுத்துப் பாருங்கள். நான் வைத்திருந்ததை இப்போது சுற்றுக்கு அனுப்புகிறேன். ரோஸ் ஸ்கெட்ச் பேனா இருந்த இடத்தைக் கவனியுங்கள். பக்கத்திலேயே ஆபீஸ் ஸ்டாம்புக்கு வைக்கும் ஊதா மையும் இருக்கிறது, அதுவும் வெளிறியிருக்கிறது.

மை, பெயின்ட், ஒட்டுவேலை எல்லாம் ஒரே அட்டையில் வரும்போது எதன் மேல் எது என்பதுதான் கேள்வி. தண்ணீரில் திரும்பக் கரையக்கூடிய ஒன்றின் மேல் ஈரமான எதையும் போடக்கூடாது. பள்ளிப் பிள்ளைகளின் போஸ்டர் கலர் காய்ந்தபின்னும் கரையும். சிவப்பு பூசிக் காயவைத்து மேலே வெள்ளைப் புள்ளி வைத்தால் அது ரோஸாகத்தான் நிற்கும். அக்ரிலிக் அப்படியில்லை. காய்ந்தால் பிளாஸ்டிக் படலம், மேலே என்ன போட்டாலும் கலங்காது. ஆனால் அதன் மேல் வாட்டர்கலர் பூசினால் தாமரை இலைத் தண்ணீர் கதைதான். அதனால் முதலில் வாட்டர்கலர், அது நன்றாகக் காய்ந்த பிறகு ஸ்டாம்ப், கடைசியாக அக்ரிலிக் புள்ளிகளும் கோடுகளும். ஸ்டாம்ப் அடித்து அதற்குள் வாட்டர்கலர் நிரப்ப வேண்டுமென்றால் அந்த ஸ்டாம்புக்கு மட்டும் தண்ணீருக்கு அசையாத மை வேண்டும். காகிதம் 300 ஜிஎஸ்எம் இருந்தால் நல்லது. ஜெராக்ஸ் தாள் 70, 80 ஜிஎஸ்எம்தான், இரண்டு சொட்டு ஈரத்துக்கே அப்பளமாகச் சுருண்டுவிடும்.

ஜெராக்ஸ் என்றதும் நினைவு வருகிறது. பழைய கடிதம், பழைய போட்டோ இவற்றை ஒட்டிச் செய்ய ஆசைப்படுபவர்கள் மூலத்தைத் தொடவே தொடாதீர்கள். கடையில் பிரதி எடுத்து அதை வெட்டுங்கள். ஜெராக்ஸ், லேசர் பிரிண்ட் இரண்டிலும் டோனர் தூள் சூட்டில் உருகிப் பிடித்திருப்பதால் ஃபெவிகால் ஈரத்துக்கு அசையாது. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்தது பசை பட்டதும் கலங்கலாம். செய்தித்தாளை ஒட்டினால் ஒன்றிரண்டு வருடத்தில் மஞ்சளாகிவிடும். பழசு மாதிரித் தெரிய வேண்டுமென்றால் சரி, இல்லையென்றால் அதற்கும் ஜெராக்ஸ்தான்.

ஸ்டாம்புக்குச் செலவே வேண்டாம். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து மூலைப் பூ, பாகற்காயில் பல்சக்கரம், வாழைத்தண்டில் வட்டத்துக்குள் வட்டம். வெட்டிய முகத்தைப் பழைய துணியில் நன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். வெண்டைக்காயின் கொழகொழப்பு இருந்தால் பெயின்ட் வழுக்கும். இவற்றை இங்க் பேடில் அழுத்தாதீர்கள், பேட் பாழாகிவிடும். ஸ்பாஞ்சில் அக்ரிலிக் தொட்டு அதன் மேல் தடவித்தான் ஒற்ற வேண்டும். ஓட்டை போட்ட கோலத்தட்டு யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள். அட்டை மேல் வைத்து, கிட்டத்தட்ட காய்ந்த ஸ்பாஞ்சால் தட்டினால் மாவுக்கோலம் போட்டது போலவே விழும். உடனே கழுவுங்கள், அக்ரிலிக் காய்ந்துவிட்டால் அந்தத் தட்டில் மறுபடி கோலம் போட முடியாது. என் மாமியாரின் தட்டு அப்படித்தான் போனது.

பெரிய பிள்ளைகள் அழிரப்பரில் 'பொங்கல்' என்று செதுக்கலாம். நேராகச் செதுக்கினால் அச்சு கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி விழும், கொம்பு மறுபக்கம் போய்விடும். பட்டர் பேப்பரில் மென்மையான பென்சிலால் எழுதி, அதை ரப்பர் மேல் கவிழ்த்து நகத்தால் தேய்த்தால் எழுத்து திரும்பிய நிலையில் ஒட்டும். அந்தக் கோட்டை விட்டுவிட்டுச் சுற்றியுள்ளதைச் செதுக்குங்கள். கத்தி பெரியவர்கள் கையில் மட்டும்.

எம்பாஸிங் பவுடர் பற்றி வாட்ஸ்அப்பில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். மெதுவாகக் காயும் நிறமி மையின் ஈரம் இதற்குத்தான் உதவும். ஸ்டாம்ப் அடித்ததும் பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, சூடு காட்டினால் அது உருகிப் புடைத்து நிற்கும். ஹேர் ட்ரையர் உதவாது, சூடு போதாது, பவுடரையும் ஊதிவிடும். ஹீட் கன் ஒன்று வேண்டும். பளபளப்புக் கவரிலும் நிற்கக்கூடிய வழி இது. நம் 26 கவர்களை அன்றைக்கு இப்படிக் காப்பாற்றியிருக்கலாம், எனக்குத் தெரியாமல் போயிற்று.

இந்த வருடக் கவர்களை நாமே செய்கிறோம். பூச்சில்லாத கெட்டித் தாள், நேற்றே எல்லாத் தாளிலும் விரல் நனைத்துப் பார்த்தாயிற்று. ஸ்டாம்புக்கு அக்ரிலிக், பெயர் எழுத மைக்ரான் பேனா. பெயர்ப் பட்டியல் செயலாளரிடம் இருக்கிறது. போன வருடம் அதுவும் எழுதவில்லை, இந்த வருடம் ஒவ்வொருவர் பெயரையும் எழுத்துப்பிழை இல்லாமல் எழுத வேண்டும். முடிந்தவற்றை அடுக்கக் கூடாது. பின்பக்கம் கட்டியிருக்கும் கொடியில் கிளிப் போட்டு மாட்டுங்கள், மழை ஈரம் இன்னும் காற்றில் இருக்கிறது, இரண்டு இரவு அங்கேயே தொங்கட்டும்.

இப்போது வெண்டைக்காயை நறுக்கலாம்.