இரண்டு நட்சத்திரம் கொடுத்தது என் தப்பு

இன்னைக்கு ஒரு ஆல்பம், கூடவே ஒரு மன்னிப்பு.

'பிராமிசஸ்' 2021 மார்ச்சில் வெளிவந்தபோது, இதே நிகழ்ச்சியில் அதற்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்தேன். "ஒரே ஏழு சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறாங்க, தூக்கம் வருது" என்றேன். உண்மையில், பஸ்ஸில் போகும்போது இயர்போனில் பாதி பாதியாகக் கேட்டுவிட்டுத்தான் அப்படிச் சொன்னேன்.

இதை இசையமைத்தவர் சாம் ஷெப்பர்ட். 'ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ்' என்ற பெயரில் எலக்ட்ரானிக் இசை செய்பவர்; நரம்பியலில் டாக்டர் பட்டமும் வாங்கியவர். வயலின், செல்லோ எல்லாம் லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா. டெனர் சாக்ஸஃபோன், ஃபரோவா சாண்டர்ஸ். 1965இல் ஜான் கோல்ட்ரேனோடு வாசிக்க ஆரம்பித்தவர். அந்தக் காலத்தில் அவர் சாக்ஸஃபோன் அலறும். நானும் அந்த அலறலைத்தான் எதிர்பார்த்தேன்.

ஆனால் இங்கே அவருக்கு வயது எண்பதை நெருங்கிவிட்டது. மொத்தம் 46 நிமிடம், 9 பகுதிகள், இடைவெளி இல்லாத ஒரே படைப்பு. அந்த ஏழு சுரம் சின்ன மணி மாதிரி ஒலித்துவிட்டு நிற்கும். அந்த இடைவெளியில்தான் சாண்டர்ஸ் மெதுவாக உள்ளே வருகிறார். நாலாவது பகுதியில் வாத்தியத்தை விட்டுவிட்டு, வார்த்தையே இல்லாமல் குரலில் முணுமுணுக்கிறார். பஸ் இரைச்சலில் இதெல்லாம் எங்கே கேட்கும்?

டிரம்ஸ் இல்லை, ஸ்விங் இல்லை, இது ஜாஸா என்று கேட்பவர்கள் உண்டு. எதிரில் ஒலிப்பதைக் காது கொடுத்துக் கேட்டு, அந்த நிமிடத்தில் பதில் சொல்வதுதானே ஜாஸ்? அது இதில் நிறையவே இருக்கிறது.

குறையே இல்லையா? இருக்கு. ஆறாவது பகுதியில் ஆர்க்கெஸ்ட்ரா பொங்கி எழும்போது கொஞ்சம் சினிமாப் பின்னணி இசை மாதிரி ஆகிவிடுகிறது. அந்தக் கருத்தை இப்பவும் மாத்திக்கல.

2022 செப்டம்பர் 24 அன்று சாண்டர்ஸ் 81 வயதில் காலமானார். அன்று ராத்திரிதான் விளக்கை அணைத்துவிட்டு, ஸ்பீக்கரில் முழுசாகக் கேட்டேன். ஒன்றரை வருஷம் தாமதம். என் பேச்சை நம்பி இதைக் கேட்காமல் விட்டவர்கள் யாராவது இருந்தால், அந்தக் கடன் என்னுடையது.

இந்த முறை நட்சத்திரம் தரப்போவதில்லை. 46 நிமிடம் ஒதுக்குங்க, ஒரே மூச்சில் கேளுங்க. பிடிக்கலைன்னா எழுதுங்க, சண்டை போடலாம்.