வலியும் சர்க்கரையும்



ஒரே காயத்துக்கு ஒரே வலி, ஒரே மருந்துக்கு ஒரே பலன் என்றுதான் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அபினியிலிருந்து எடுக்கும் மார்பின் கொடுத்தும் ஒரு நீரிழிவுக்காரன் "வலி தீரவில்லையே" என்றால், அவன் பாசாங்கு செய்கிறான் என்று சுலபமாய்ச் சொல்லிவிடுகிறோம். இந்தத் தீர்ப்பு நியாயந்தானா? பாசாங்கு செய்யத் தெரியாத ஒரு சாட்சியை விசாரிப்போம். அந்தச் சாட்சி எலிதான்.

எலியின் வலியை எப்படி அளப்பது என்பீர்கள். அதன் வாலின்மீது சூடான ஒளியைக் குவித்து, எத்தனை விநாடியில் வாலை இழுத்துக்கொள்கிறது என்று பார்க்கிறார்கள். 1941ல் அமெரிக்காவில் டாமூர், ஸ்மித் என்பவர்கள் வகுத்த முறை இது. மார்பின் ஏறிய எலி வாலை இழுக்கத் தாமதமாகும். நீரிழிவை உண்டாக்கவோ, ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற மருந்தை ஏற்றுகிறார்கள். அது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழித்துவிடும்.

1981ல் அமெரிக்காவில் சைமன், டூயி என்பவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில் கண்டதென்ன? இவ்விதம் நீரிழிவு கண்ட பிராணிகளிடம் மார்பினின் வலிமை குறைந்துபோயிற்று. "நீரிழிவு என்ன செய்யும்? ஏற்றிய விஷ மருந்தல்லவா அப்படிச் செய்திருக்கும்?" என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் பிறவியிலேயே நீரிழிவு காணும் சுண்டெலி இனத்திலும் மார்பின் வலிமை குன்றிற்று. நோயில்லாத சுண்டெலிக்குச் சர்க்கரையை ஏற்றியபோதும் அப்படியே ஆயிற்று. ஆகவே, இரத்தத்திலுள்ள சர்க்கரைக்கும் மருந்தின் பலனுக்கும் சம்பந்தமிருக்கிறது என்பது விளங்கவில்லையா?

வலியுணர்ச்சியும் மாறுகிறது. நீரிழிவுள்ள எலி, மெல்லிய இழை பாதத்தில் பட்டாலே காலை இழுத்துக்கொள்வதுண்டு. மனிதரிலும் நீரிழிவால் நரம்பு கெட்டு, சிலருக்கு இரவெல்லாம் பாதம் எரிகிறது. சிலருக்கு ஆணி குத்தினாலும் தெரிவதில்லை. முன்னவன் சொல்லும் வலி பொய்யல்ல. பின்னவனுக்கு வலியில்லாதது சுகமுமல்ல.

தோழர்களே! எலியிடம் கண்டதெல்லாம் மனிதனுக்கும் அப்படியே பொருந்திவிடும் என்று நாம் சொல்லவரவில்லை. மருந்து போதவில்லையென்று தானாகவே அளவைக் கூட்டிக்கொள்ளவும் கூடாது. மார்பின் மிஞ்சினால் மூச்சே நின்றுவிடும். நாம் கேட்டுக்கொள்வதெல்லாம் இதுதான்: வலிக்கிறது என்று ஒருவன் சொன்னால், பொய்யன் என்னுமுன் அவன் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். வலிக்கவில்லை என்றால், அவன் பாதத்தைத் தூக்கிப் பாருங்கள். நாம் சொன்னோமென்று நம்பாமல், நீங்களே விசாரித்து, சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள்.