மெஷினுக்கு யார் சொன்னது?



நோயைக் காட்டிக்கொடுப்பது டாக்டரின் காதும் கையுமா, கருவிகளா? எதிரணி அம்மையார் ஸ்கேன், ஸ்கேன் என்று அடுக்கினார். எந்த இடத்தை ஸ்கேன் எடுக்கணும்னு அந்த மெஷினுக்கு யாரும்மா சொன்னது? (கைதட்டல்)

வயிற்றுவலியோடு ஒரு பையன் வருகிறான். "முதல்ல எங்கேடா வலிச்சது?" "தொப்புளைச் சுத்தி, சார்." "இப்போ?" "வலப்பக்கம், அடியில." வலி இடம் மாறிய அந்தக் கதையிலேயே 'அப்பெண்டிசைடிஸா?' என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. அப்புறம் அந்த இடத்தை மெல்ல அமுக்கிப் பார்க்கிறார். சந்தேகம் வலுக்கிறது.

வியன்னாவில் அவுன்புருக்கர் என்று ஒரு மருத்துவர். மார்பை விரலால் தட்டி நோயறியும் முறையை 1761-ல் நூலாக எழுதினார். நாம் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோமே, அதே வித்தைதான்! உள்ளே காற்று இருந்தால் ஓசை முழங்கும். நீர் கோத்திருந்தால் மந்தமாகும்.

கணக்கு வேண்டுமா? 1975-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. புதிய நோயாளிகள் 80 பேர். முந்தைய டாக்டரின் கடிதத்தைப் படித்து, நோயாளியின் கதையைக் கேட்டதுமே 66 பேருக்குச் சொன்ன நோய் கடைசிவரை மாறவில்லை. உடலைப் பரிசோதித்தது 7 பேருக்கு உதவியது. லேப் சோதனை உதவியது இன்னொரு 7 பேருக்குத்தான்!

கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை நடுவர் அவர்களே. மாரடைப்பு வந்தவருக்கும் முதலில் எடுக்கிற இ.சி.ஜி. சில நேரம் சரியாகவே இருக்கும். அந்தக் காகிதத்தை மட்டும் நம்பி வீட்டுக்கு அனுப்பினால் உயிரே போகலாம். "நெஞ்சை அழுத்துது, இடது கைக்கு இறங்குது, வேர்த்துக் கொட்டுது" என்ற கதையைக் காதில் வாங்கிய டாக்டர் அனுப்ப மாட்டார். படுக்க வைத்து மறுபடியும் இ.சி.ஜி. எடுப்பார், ரத்தத்தைச் சோதிப்பார்.

ஆனால் நம் வீட்டில் என்ன நடக்கிறது? அம்மா வாயெடுக்கும் முன்னே மகன் முந்திக்கொண்டு, "வெறும் வாயு சார்!" வலி அம்மாவுக்கு, வர்ணனை மகனுக்கு! (சிரிப்பு) அம்மாவைப் பேச விடுங்கள் ஐயா. வலி எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது, எதனால் கூடுகிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையெல்லாம் அவர் வாயாலேயே சொல்லட்டும்.

கருவி பதில் சொல்லும். சரியான கேள்வியைக் கேட்பது காதும் கையும்தான் என்று தீர்ப்பு வழங்க வேண்டி அமர்கிறேன்.