ஒரு நூலைப் பதினாறாகப் பிரித்த பெண்கள்



கைத்தொழில் பற்றி ஐந்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். ஆரி வேலை பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால சீன தேசத்துப் பெண்களின் பட்டு எம்பிராய்டரி பற்றிச் சொல்கிறேன்.

ஷாங்காய்க்குப் பக்கத்தில் சூசோ என்று ஓர் ஊர். பட்டுக்குப் பேர் போனது. அங்கே பெண்கள் ஒரே ஒரு பட்டு நூலை எடுத்து, அதை இரண்டாக, நாலாக, எட்டாக, பதினாறாகக்கூடப் பிரிப்பார்கள். மீனின் வால் தைக்க அதைவிட மெல்லிசான இழை வேண்டும். கை சொரசொரப்பாக இருந்தால் இழை மாட்டிக்கொள்ளும். பாத்திரம் தேய்க்கிற நம்ம கைக்கு நடக்குமா, யோசிச்சுப் பாருங்க!

இருபக்கத் தையல்னு ஒன்று இருக்கிறது. நாம தைத்த ஜாக்கெட்டைத் திருப்பினால் உள்பக்கம் எப்படி இருக்கும்னு நமக்கே தெரியும். அவர்கள் வேலையில் முடிச்சே கிடையாது. நூலின் நுனிகளைத் தையலுக்குள்ளேயே மறைத்துவிடுவார்கள். முன்னாடி பூனை என்றால் பின்னாடியும் அதே பூனை, அதே கண்.

ஷாங்காயில் கூ என்ற பணக்காரக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பெரியவர் 1559-இல் அரசாங்கத்தின் உயர்ந்த பரீட்சையில் தேறியவர். வீட்டுப் பெண்கள் பொழுதுபோக்காகப் பழைய ஓவியங்களைப் பார்த்து ஊசியால் வரைந்தார்கள். பேரன் மனைவி ஹான் ஷிமெங் 1634-இல் முடித்த எட்டுப் படங்கள் இன்றைக்கும் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பிறகு குடும்பம் நொடித்தது. அப்போ சோறு போட்டது அந்தப் பெண்களின் ஊசிதான்.

அந்த வம்சத்தில் கூ லான்யூ என்பவர் சின்ன வயசிலேயே கணவனை இழந்தவர். அவர் வெளியாள் பெண்களைச் சேர்த்து முப்பது வருஷத்துக்கு மேல் சொல்லிக்கொடுத்தார். குடும்ப ரகசியம்னு மூடி வைக்கவில்லை. இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம்ம குழுக்களிலும் "அவளுக்குக் கத்துக்கொடுத்தா நம்ம ஆர்டர் அவகிட்டப் போயிடும்"னு ஒரு பேச்சு இருக்கு. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன், வயித்துப்பாடு. ஆனா லான்யூவுக்கும் அதே வயித்துப்பாடுதான்.

சூசோவில் 1874-இல் பிறந்தவர் ஷென் யுன்ஜி. 1904-இல் சீன ராஜமாதா சிக்ஸியின் எழுபதாவது பிறந்தநாளுக்கு இவர் தைத்த படங்கள் போயின. ராஜமாதா மகிழ்ந்துபோய் 'ஷோ' என்ற எழுத்தை எழுதிக் கொடுத்தார். நீண்ட ஆயுள் என்று அர்த்தம். அன்றிலிருந்து பெயர் ஷென் ஷோ. ஜப்பானுக்குப் போய் மேல்நாட்டு ஓவியத்தில் வெளிச்சமும் நிழலும் விழுகிற விதத்தைப் பார்த்து, அதை நூலில் கொண்டுவந்தார். இத்தாலி ராணியின் முகத்தை இவர் தைத்த படம் 1911-இல் அந்த நாட்டு டூரின் கண்காட்சியில் பரிசு வாங்கியது.

1914-இல் நான்தோங் ஊரில் தொழிலதிபர் ஜாங் ஜியான் பெண்களுக்காகத் தையல் பள்ளி தொடங்கி, ஷென் ஷோவைத் தலைமை ஆசிரியை ஆக்கினார். அதற்குள் அவருக்கு உடம்பு கெட்டுவிட்டது. படுக்கையில் இருந்தபடியே அவர் சொல்லச் சொல்ல, ஜாங் ஜியான் எழுதினார். ஊசி பிடிப்பது, தையல் வகை, நிறம் சேர்ப்பது, வேலைக்கு நடுவே ஓய்வெடுப்பது வரைக்கும் எல்லாம் அதில் இருக்கிறது. 1919-இல் புத்தகம் வந்தது. 1921-இல் ஷென் ஷோ இறந்துபோனார். நீண்ட ஆயுள் என்று பெயர் வைத்தவருக்கு வயசு 47.

சூசோ எம்பிராய்டரியை 2006-இல் சீன அரசு தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்த ஊருக்குப் பக்கத்தில், பெரிய ஏரிக்கரையில் உள்ள ஜென்ஹூவில் இப்பவும் ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டிலும் கடையிலும் சட்டம் போட்டு உட்கார்ந்து தைக்கிறார்கள்.